கூட்டமில்லாத பனிச்சறுக்கு: டெல்லியிலிருந்து எங்கே போகலாம்?

கேள்வி: மயூர் விஹாரில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு 9, 13 வயது. நால்வருமே பனிச்சறுக்குக்குப் புதிது. போன வருடம் குடியரசு தின விடுமுறைக்கு மணாலி பக்கம் சோலாங் போனோம். பாதி நாள் கார் வரிசையிலேயே கழிந்தது. குல்மார்க், ஔலியும் வேண்டாம். வேறு இடம் சொல்லுங்கள்.

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். ஜனவரி 26-ஐ ஒட்டி லீவு சேர்ந்து வந்தால் பாதி டெல்லி மலையில்தான் இருக்கும். ஜனவரி முதல் பாதியில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை வருமே, அதில் புத்தாண்டுக் கூட்டம் இறங்கிய பிறகு, திங்கள் முதல் வெள்ளிக்குள் போய்விட்டு வாருங்கள்.

இடம் என்றால் உங்களுக்கு நார்கண்டா. சிம்லா தாண்டி சுமார் 60 கி.மீ., 2,700 மீட்டர் உயரம். சரிவு சின்னதுதான். பழகியவருக்கு அரை நாளில் அலுத்துவிடும், புதியவருக்கு இரண்டு நாளுக்குத் தாராளம். குல்மார்கில் கோண்டோலா என்ற கேபிள் கார் 3,900 மீட்டருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கே கூட்டம் மொய்க்க அதுவும் ஒரு காரணம். நார்கண்டாவில் அதெல்லாம் கிடையாது. சறுக்கி இறங்கினால் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப ஏற வேண்டியதுதான். நாலாவது தடவை பெரியவன் முனகுவான், சின்னது உங்கள் தோளைப் பார்க்கும்.

பனி மட்டும் நிச்சயமில்லை. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வந்து பனி கொட்டும் ‘மேற்கத்திய இடையூறு’ ஏமாற்றினால் ஜனவரியிலும் புல் தெரியும். கிளம்ப இரண்டு நாள் முன்பு விடுதிக்காரரை வீடியோ காலில் சரிவைக் காட்டச் சொல்லுங்கள். போட்டோ கேட்டால் எந்த வருடத்துப் போட்டோ வருமோ! ரத்து செய்யக்கூடிய அறையாகப் பதிவு செய்வது நல்லது.

மணாலிக்கு மேலே ஹம்டா சாலையில் சேத்தன் என்ற குட்டிக் கிராமமும் அமைதியானது. ஆனால் பனிக்காலத்தில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் ஏறும். சொந்தக் காரை மணாலியில் விட்டுவிடுங்கள். உத்தரகாசிப் பக்கம் தயாரா புக்யால் என்ற மலைப் புல்வெளியைச் சிலர் சொல்வார்கள். அங்கே நடந்தே ஏற வேண்டும், இந்த வருடம் உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் வாடகைக்கு எடுக்கும் ஸ்கீ பூட்ஸ். குளிருக்குப் பயந்து நம்மவர்கள் இரண்டு சாக்ஸ் போடுவார்கள். நானும் முதல் தடவை போட்டேன். ரத்த ஓட்டம் நெருக்கப்பட்டு ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது. முழங்கால் வரை வரும் கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். பூட்ஸை மாட்டி நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாக இடிக்க வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அப்போது குதிகால் பூட்ஸுக்குள் மேலே எழும்பினால் வேறு சைஸ் கேளுங்கள். வாடகைக்காரர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை, நால்வருக்கும் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

சிம்லாவிலிருந்து நார்கண்டா போகும் வழியில் குஃப்ரி, ஃபாகு பக்கம் காலையில் சாலையில் கண்ணாடி மாதிரி பனி உறைந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு கடந்து போங்கள்.