வாசகர் கேள்வி-பதில்: ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானி

கேள்வி: 2009-இல் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் பயணிகள் விமானத்தை இறக்கி எல்லோரையும் காப்பாற்றிய கேப்டன் செஸ்லி சல்லன்பெர்கர், முன்பு போர் விமானியாக இருந்தவராம். போர்க்களத்தில் பழகிய கை என்பதால்தான் அது அவருக்கு முடிந்தது என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: சல்லன்பெர்கர் போர்க்களம் கண்டவரே அல்லர். 1973-இல் அமெரிக்க விமானப்படை அகாடமியில் பட்டம் பெற்ற அவர், எஃப்-4 ஃபான்டம் விமானத்தை ஓட்டத் தொடங்கியபோது வியட்நாம் போர் முடிந்துவிட்டது. 1980-இல் படையிலிருந்து விலகிப் பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார். ஆக, போர் விமானத்தில் ஏறத்தாழ 5 ஆண்டுகள். பயணிகள் விமானத்தில், ஹட்சன் சம்பவம் வரையில், 29 ஆண்டுகள். அன்று அவருடைய கணக்கில் இருந்த 19,663 மணி நேரப் பறப்பில் பெரும்பகுதி, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத சாதாரணப் பயணங்களில் சேர்ந்ததுதான்.

ஆயினும் படை அவருக்கு ஒன்றும் தரவில்லை என்று சொல்லிவிட முடியாது. சீராகப் பறக்கும் ஒழுங்கைத் தந்தது. விமானப்படையின் விபத்து விசாரணைக் குழுவில் பணியாற்றும் வாய்ப்பைத் தந்தது. மற்றவர்கள் எந்த இடத்தில் எப்படித் தவறினார்கள் என்று துருவிப் பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றி, பிற்காலத்தில் விமானிகள் சங்கத்தின் பாதுகாப்புப் பணிகளிலும் தொடர்ந்தது. அவர் கிளைடர் என்னும் எஞ்சின் இல்லா விமானம் ஓட்டியவர் என்பதைப் பலரும் பெரிதாகச் சொல்வதுண்டு. ஓர் ஆள் தள்ளினாலே நகரும் கிளைடரும், ஏறத்தாழ 68 டன் எடையுள்ள ஏர்பஸ் ஏ320-உம் ஒன்றுபோல இறங்கா என்பதால், அந்தக் கதைக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை.

ஜனவரி 15 அன்று நடந்ததைப் பார்த்தால், போர்க்களப் பழக்கம் காரணமல்ல என்பது விளங்கும். நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து மேலெழுந்த இரண்டே நிமிடங்களில், ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், கனடா வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சின்களும் திறனை இழந்தன. அதுவரை விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஜெஃப்ரி ஸ்கைல்ஸ். கேப்டன் இரண்டே சொற்களில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ள, ஸ்கைல்ஸ் மறுபேச்சின்றி எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கான கையேட்டைத் திறந்தார். அந்தக் கையேடு மிக உயரத்தில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்காக எழுதப்பட்டது. அதன் முதல் பக்கத்தைத் தாண்டக்கூட அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. இதற்கிடையில் சல்லன்பெர்கர், கையேட்டின் பட்டியலில் அதன் முறை வரும்வரை காத்திராமல், வாலில் உள்ள துணை மின் எஞ்சினைத் தொடக்கத்திலேயே இயக்கிவிட்டார். அதனால் விமானத்தின் கணினிக் கட்டுப்பாடு அறுபடவில்லை. மூக்கை அளவுக்கு மேல் தூக்கி விமானம் தாங்கும் விசையை இழந்துவிடாதபடி அது கடைசிவரை காவல் நின்றது. மோதலிலிருந்து நீரைத் தொடும்வரை ஆன நேரம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். போர் விமானியின் சாகசம் என்று இதில் எதைச் சொல்வீர்கள்?

அதிர்ஷ்டமும் இருந்தது. அந்தத் தடத்துக்குக் கட்டாயமில்லாதிருந்தும், மிதவையாகப் பயன்படும் சறுக்குப் பைகள் அந்த விமானத்தில் இருந்தன. படகுகள் சில நிமிடங்களில் வந்து சேர்ந்தன. 155 பேரும் பிழைத்ததில் விமானப் பணிப்பெண்கள் மூவருக்கும் அந்தப் படகுக்காரர்களுக்கும் உள்ள பங்கு, ஒரே நாயகனைத் தேடும் செய்திகளில் சுருங்கிவிட்டது.

கேள்வி: அவர் உடனே லகார்டியாவுக்குத் திரும்பியிருக்கலாம் என்று சிமுலேட்டர் சோதனை காட்டியதாமே?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பறவை மோதிய கணமே திரும்பினால் சில முயற்சிகள் வெற்றி பெற்றன. நடந்ததை உணர்ந்து முடிவெடுக்க 35 விநாடி சேர்த்துப் பார்த்தபோது விமானம் ஓடுபாதையை எட்டவில்லை. ஆற்றைத் தேர்ந்தது சரியே என்று விசாரணை வாரியமும் ஏற்றுக்கொண்டது.

கேள்வி: படையிலிருந்து பயணிகள் விமானத்துக்கு வருபவர்கள் எதை மறக்க வேண்டியிருக்கும்?
- ஒரு மாணவர், தாம்பரம்

பதில்: தலைவன் சொல்லுக்கு எதிர்ச்சொல் இல்லை என்ற எண்ணத்தை. இது படைக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். பயணிகள் விமானங்களிலும் ஒரு காலத்தில் கேப்டனே அரசர். 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லண்டில், சக்கரக் கோளாற்றில் கேப்டன் மூழ்கியிருக்க, எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் விழுந்தது. இரண்டிலும் காக்பிட்டில் உடனிருந்தவர்களுக்கு ஐயம் எழுந்தது. அது கேப்டனின் மனத்தை மாற்றும் அளவுக்கு அழுத்தமாக வெளிவரவில்லை. இதன் பிறகுதான், குழுவில் உள்ள எல்லோருடைய அறிவையும் பயன்படுத்தக் கற்றுத்தரும் பயிற்சி பிறந்தது. 1989-இல் சூ சிட்டியில், கட்டுப்பாடுகளை இயக்கும் திரவம் முழுவதும் வடிந்துபோன டிசி-10 விமானத்தைத் தரைக்குக் கொண்டுவந்த ஆல் ஹேய்ன்ஸ், கடற்படைக் காலாட்பிரிவின் விமானியாக இருந்தவர். பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி ஒருவரை உள்ளே அழைத்து எஞ்சின் விசைக் கோல்களை அவரிடம் ஒப்படைத்தார். 184 பேர் பிழைத்தனர். அதன் பெருமையை அவர் அந்தப் பயிற்சிக்கே கொடுத்தார்.

கேள்வி: இத்தனை புகழுக்குப் பிறகு சல்லன்பெர்கர் வசதியாக வாழ்ந்திருப்பாரே?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: புகழால் கிடைத்தது பின்னாளில். சம்பவம் நடந்த அடுத்த மாதமே நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் வைத்தது ஒரு மனக்குறை: சம்பளம் 40 விழுக்காடு குறைந்துவிட்டது, ஓய்வூதியம் பறிபோய்விட்டது, தம் பிள்ளைகள் இதே தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரைக்கூடத் தமக்குத் தெரியாது என்றார். ஆனாலும் அவ்வாண்டே மீண்டும் பறக்கத் திரும்பினார். 2010 மார்ச்சில், அதே ஸ்கைல்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஷார்லட் நகரில் கடைசியாகத் தரையிறங்கி ஓய்வு பெற்றார். ஹட்சனில் முடிந்துபோன அந்தப் பயணமும் ஷார்லட்டுக்குக் கிளம்பியதுதான்.