உப்புநீர்க் குளமா, குளோரின் குளமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் 40,000 லிட்டர் நீச்சல் குளம் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் சற்று உவர்ப்பானது. உப்பு இயந்திரத்திற்கு எவ்வளவு உப்பு கொட்ட வேண்டும்?

பதில்: பெரும்பாலான இயந்திரங்கள் 3,000 முதல் 3,500 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) வரை உப்பு கேட்கும். நல்ல தண்ணீராக இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு 3 கிலோ என்ற கணக்கில் உங்களுக்கு 120 கிலோவுக்கு மேல் தேவைப்படும். ஆனால் உங்கள் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், குளோரைடு அளவையும் கடினத்தன்மையையும் ஆய்வகத்தில் பார்த்த பிறகே மூட்டையைப் பிரியுங்கள். தண்ணீரில் கரைந்த எல்லாவற்றையும் மொத்தமாக அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சுண்ணாம்பையும் சேர்த்தே காட்டும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. கூடுதலாகப் போட்ட உப்பைத் தண்ணீரை இறைத்துத்தான் குறைக்க முடியும். கால்சியம் கடினத்தன்மை 400 பிபிஎம்மைத் தாண்டினால் இயந்திரத்தில் மின்சாரம் பாயும் பகுதியான செல்லின் தகடுகளில் வெள்ளைப் படிவு ஏறிக்கொண்டே இருக்கும்; அந்த நிலையில் லாரித் தண்ணீரைக் கலந்து நிரப்புவது நல்லது. அயோடின் கலந்த சமையல் உப்பு வேண்டாம்.

கேள்வி: குளத்திற்குத் தினமும் எவ்வளவு குளோரின் போட வேண்டும்?

பதில்: கொள்ளளவு, வெயில், குளிப்பவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றில் ஒன்றைக்கூட எழுதாத கடிதத்திற்கு அளவு சொல்ல இயலாது. நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகியவற்றை மீட்டரில் அளந்து பெருக்கி, வந்த தொகையை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். அளந்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: குளோரினால் என் மகளுக்குக் கண் எரிகிறது. உப்புநீர்க் குளத்தில் குளோரினே கிடையாது என்று விற்பனையாளர் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இந்தப் பொய்யை நான் எத்தனை முறை மறுத்து எழுதியிருக்கிறேன் என்று கணக்கில்லை, இருந்தும் அது ஒவ்வொரு கோடையிலும் புதிதாக விற்கப்படுகிறது. உப்பு இயந்திரம் என்பது குளோரின் தயாரிக்கும் இயந்திரம். தண்ணீரில் கரைந்த சோடியம் குளோரைடு டைட்டேனியத் தகடுகளுக்கு இடையே ஓடும்போது மின்சாரம் அதைப் பிரித்துக் குளோரினை உண்டாக்குகிறது. நீங்கள் டப்பாவில் வாங்கிப் போடும் குளோரின் தண்ணீரில் கரைந்ததும் எதுவாகிறதோ, இதுவும் அதுவாகத்தான் ஆகிறது. இரண்டு குளங்களிலும் கிருமியைக் கொல்வது ஒரே பொருள். அப்படி இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரில் குழந்தையை இறக்கவே கூடாது.

கண் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் குளோரின் மிகுதி அன்று, அதன் பற்றாக்குறை. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்தான் கண்ணை உறுத்துகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடையும் அதனுடையதே. மொத்தக் குளோரினிலிருந்து, எதனோடும் சேராமல் இருக்கும் ஃப்ரீ குளோரினைக் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் 0.5 பிபிஎம் என்றால், அதைப் போலப் பத்து மடங்கு, அதாவது 5 பிபிஎம் குளோரினை இரவில் ஒரே முறையில் கொடுக்க வேண்டும். தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் பிஎச் 7.2க்கும் 7.6க்கும் இடையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிப்பதற்கு முன் எல்லோரும் உடலை நன்கு கழுவிக்கொள்ளட்டும்.

உப்புநீர் உடலுக்கு இதமாக இருப்பது உண்மை. கண்ணீரில் ஏறக்குறைய 9,000 பிபிஎம் உப்பு உண்டு; அதனால் 3,000 பிபிஎம் தண்ணீர் வெறும் தண்ணீரைவிடக் கண்ணுக்கு இணக்கமாக இருக்கிறது. அந்த இதத்திற்காக மாற்றுவதில் தவறில்லை. ஆனால் செல்லில் எழும் ஹைட்ரஜன் குமிழ்கள் தண்ணீரிலுள்ள கரியமில வாயுவை வெளியேற்றுவதால் பிஎச் ஓயாமல் ஏறும். வாரந்தோறும் அமிலம் விட வேண்டியிருக்கும். சோதனைப் பெட்டி இரண்டு முறைகளுக்கும் வேண்டும்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ட்ரைகுளோர் மாத்திரை மட்டுமே போடுகிறோம். குளோரின் 2 பிபிஎம் காட்டியும் பாசி பிடிக்கிறதே?

பதில்: அந்த மாத்திரையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலம். வெயிலில் குளோரின் அழியாமல் காக்க 30 முதல் 50 பிபிஎம் போதும். உங்கள் குளத்தில் அது நூறைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். அது மிகுந்தால் குளோரினின் வீரியத்தைக் கட்டிப்போடும்; அந்த நிலையில் 2 பிபிஎம் குளோரினால் பாசியைத் தடுக்க முடியாது. அளந்து பார்த்து, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு சில மாதங்களுக்குத் திரவ ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் திரவக் குளோரின்) பயன்படுத்துங்கள். வெயிலில் வைத்தால் அது வீரியம் இழந்துவிடும்.

கேள்வி: பழைய குளத்தில் உப்பு இயந்திரத்தைப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம். குளத்தின் விளிம்பில் கடப்பா, கோட்டா போன்ற சுண்ணாம்புக் கற்களோ மணற்கற்களோ இருந்தால், உப்பு ஊறிக் காயும்போது மேற்பரப்பு உரியும். சீலர் அடித்தாக வேண்டும். ஏணி 304 வகை எஃகு என்றால் துருப்புள்ளி விழும். 316 வகை தாங்கும். செல் ஐந்து ஆண்டு உழைத்தாலே நல்ல உழைப்பு. புதிய செல்லின் விலையையும் இப்போதே கேட்டு வையுங்கள். பம்ப் ஓடாதபோது குளோரின் உற்பத்தி ஆகாது என்பதால், மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில் கையிருப்பாக ஹைப்போ இருக்கட்டும்.

கேள்வி: மீதமிருக்கும் மாத்திரையையும் குளோரின் குருணையையும் ஒரே வாளியில் வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. மாத்திரையிலுள்ள ட்ரைகுளோரும் குருணையிலுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். அள்ளும் கரண்டியும் தனித்தனியாக இருக்கட்டும். அமிலத்தை இவை இரண்டின் அருகிலும் வைக்காதீர்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அன்று.

கேள்வி: உப்புநீர்க் குளத்தின் பேக்வாஷ் தண்ணீரை (வடிகட்டியைக் கழுவி வெளியேறும் நீரை) வாழைக்குப் பாய்ச்சலாமா?

பதில்: வேண்டாம். வாழை உப்பைத் தாங்காது. கிணற்றடிப் பக்கமும் விடாதீர்கள்.