தேடலில் அகப்படாத பக்கங்கள்

கேள்வி: பாரம்பரிய நெல் வகைகளைப் பற்றி வேர்ட்பிரஸில் ஒரு தளம் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு பக்கம்கூடக் கூகுளில் வரவில்லை. ஐந்நூறு தேடுபொறிகளில் பதிந்து தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: கொடுக்க வேண்டாம். மக்கள் உண்மையில் பயன்படுத்தும் தேடுபொறிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு தளத்தை அடிக்கடி வந்து வாசிப்பதற்கோ மேலே காட்டுவதற்கோ பணம் வாங்குவதில்லை என்று கூகுள் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது.

முதலில் வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்பு பற்றிய பகுதியைத் திறந்து, தேடுபொறிகள் இத்தளத்தைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தளத்தைக் கட்டும் காலத்தில் அதில் குறியிட்டுவிட்டுப் பிறகு எடுக்க மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அந்தக் குறி இருக்கும்வரை வேறு எந்த முயற்சியும் பலிக்காது.

அது சரியாக இருந்தால், தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் கட்டணமில்லாத சர்ச் கன்சோல் சேவையில் தளம் உங்களுடையது என்பதை உறுதிசெய்து, பக்கங்களின் முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பின் முகவரியைக் கொடுங்கள். 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பு முதல் வேர்ட்பிரஸ் அக்கோப்பைத் தானே உருவாக்கிவிடுகிறது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும் என்பதால் உங்களுக்கு ஒன்றே தாராளம். ஆனால் சைட்மேப் என்பது பக்கங்கள் இருக்கின்றன என்று தெரிவிப்பதோடு சரி; அவற்றைத் தேடல் அட்டவணையில் சேர்த்தே தீர வேண்டும் என்று கூகுளைக் கட்டாயப்படுத்தாது.

பிறகு ஒரு பக்கத்தின் முகவரியை சர்ச் கன்சோலில் சோதித்துப் பார்த்தால், கூகுள் அதை அறிந்தும் இன்னும் வந்து வாசிக்கவில்லையா, அல்லது வாசித்துவிட்டுச் சேர்க்காமல் விட்டதா என்பது தெரியும். இந்த வேறுபாடு முக்கியமானது. முதல் நிலையில் பொறுத்திருப்பதோடு, முகப்பிலிருந்தும் தொடர்புடைய பிற பக்கங்களிலிருந்தும் அப்பக்கத்திற்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பாவைப் பற்றிய கட்டுரை கருப்புக் கவுனிக் கட்டுரையைச் சுட்டுவது வாசகருக்கும் உதவும். இரண்டாம் நிலையில் குறை பெரும்பாலும் உள்ளடக்கத்தில் இருக்கும்: நான்கு வரிப் பக்கங்களும், பிற தளங்களில் ஏற்கெனவே உள்ளதைத் திருப்பிச் சொல்லும் பக்கங்களும் இப்படித்தான் ஒதுக்கப்படுகின்றன. அட்டவணையிடக் கோரும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் வரிசையில் முன்னேற முடியாது. சில நாள்களோ சில வாரங்களோ ஆகலாம்.

பிங் தேடலுக்கு 2021இல் வந்த இண்டெக்ஸ்நவ் முறையில், பக்கம் வெளியானவுடனே அறிவிப்பு அனுப்ப வேர்ட்பிரஸில் சேர்க்கும் ஒரு செருகுநிரல் (பிளகின்) போதும். கூகுள் இம்முறையை ஏற்றுக்கொள்ளவில்லை.

கேள்வி: எங்கள் சங்க மலரின் பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இணையத்தில் உள்ளன. தலைப்பை அப்படியே தட்டச்சு செய்து தேடினாலும் அவை கிடைப்பதில்லையே?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பாமினி, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டும் பழைய எழுத்துரு. அதில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, தேடுபொறிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்னும் பொருளற்ற கோவை மட்டுமே; அப்பக்கத்தில் தமிழ் இருப்பதையே அது அறியாது. இலவச மாற்றிகளால், தமிழ் எழுத்துகளுக்குத் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றி, இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் சிதைந்திருக்கின்றனவா என்று ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள். முகவரிகளை மாற்றாமல் அதே இடத்தில் ஏற்றிவிட்டு, சைட்மேப்பில் திருத்திய தேதியை உண்மையாகக் குறித்தால் போதும்.