மறு: ‘மாலை’ என்று தேடினால் என் பூக்கடைப் பக்கம் வரவில்லை

வணக்கம். கல்யாண மாலை விற்கும் பக்கம் தேடலில் வரவில்லை என்றீர்கள், பார்த்தேன். தலைப்பில் ‘மாலை’ என்று ஒற்றைச் சொல், மற்றதெல்லாம் படத்துக்குள். அது அந்திப்பொழுதா, பூமாலையா? 2019-ல் பெர்ட் என்ற, மொழியைப் புரிந்துகொள்ளும் நிரல் தேடலில் வந்த பிறகு கூகுள் ஒரு சொல்லை அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்தே புரிந்துகொள்ளப் பார்க்கிறது. உங்கள் பக்கத்தில் அக்கம்பக்கமே இல்லையே!

‘ரோஜாவும் சம்பங்கியும் கலந்து கட்டிய கல்யாண மாலை, ஜோடி இத்தனை ரூபாய்’ என்று எழுத்தாகவே போடுங்கள். படத்துக்கு ஆல்ட் வரியும் (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வரி) கொடுங்கள். அப்புறம் ஸ்கீமாவில், அதாவது பக்கத்தில் இருப்பது என்னவென்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியீட்டில், ‘ப்ராடக்ட்’ (விற்பனைப் பொருள்) என்று குறித்து விலையைச் சேருங்கள்.

மெட்டா கீவேர்டில், அதாவது பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களை எழுதும் இடத்தில், நாற்பது சொல் அடுக்கியிருக்கிறீர்கள். சிரிப்புதான் வந்தது. அதைக் கண்டுகொள்வதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. மாற்றியதும் சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவர்களுக்கான கூகுள் கருவி) அந்தப் பக்கத்தின் முகவரியை மறுபடி இன்டெக்ஸ் செய்ய, அதாவது படித்துத் தேடல் பட்டியலில் சேர்க்க, கேளுங்கள். சில நாள் பிடிக்கலாம்.