ஜிலேபியும் விராலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் குளத்தை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. களைக்கொல்லி அடிக்கலாமா? முதலில் சீமைக்கருவேலம், அப்புறம் ஜிலேபி மீன், இப்போது இது. எல்லாமே நம் மண்ணைக் கெடுக்க வெளிநாட்டுக்காரன் செய்த சதி என்று நினைக்கிறேன்.

– ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

சதி கிதி என்றெல்லாம் எனக்கு எழுதாதே. சீமைக்கருவேல விதை 1877லேயே விறகுக்காக வந்தது. ஆகாயத்தாமரையைப் பூ அழகாயிருக்கிறதென்று ஆசைப்பட்டு வளர்த்தார்கள். ஜிலேபி 1952ல் இலங்கையிலிருந்து வந்தது, குளம் குட்டையில் மீன் பெருகட்டும் என்று நாமே கொண்டுவந்ததுதான்.

ஆனால் ஜிலேபியை நீ சொன்னதால்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக அதே நினைப்பில் இருக்கிறேன்.

விரால் பார்ப்பை, அதுதான் அதன் குஞ்சுகளை, பார்த்திருக்கிறாயா? வாய்க்காலில் குங்குமத்தைக் கரைத்து விட்டதுபோல ஒரு சிவப்புக் கூட்டம் மேலே வந்து வந்து கொப்பளித்துக்கொண்டே நகரும், அடியில் தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். கையில் தூண்டில் இருந்தாலும் அப்பா அந்த விராலைத் தொடமாட்டார், காவல் போனால் அத்தனை குஞ்சும் போச்சு என்பார். ஜிலேபியும் லேசுப்பட்டதல்ல, முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்து வருஷத்தில் பலமுறை குஞ்சு விடும். விரால் மழைக்கும் புதுத்தண்ணீருக்கும் காத்திருக்கிற மீன்.

அதனால் ஜிலேபி ஜெயித்துவிட்டது என்று முடித்துவிடாதே! குளத்தை ஏலம் எடுத்தவர் கோடையில் என்ன செய்கிறார்? மோட்டார் வைத்துச் சேறு தெரியும்வரை இறைக்கிறார், மிச்சமிருக்கிற விரால், குரவை, தேளியெல்லாம் சாகட்டுமென்று இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுகிறார், பிறகு கட்லாவும் ரோகுவும் விடுகிறார். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் வாய்க்கால் தண்ணீரோடு நாலு ஜிலேபி உள்ளே வந்துவிடும், அதற்கு அது போதும். விரால் எங்கிருந்து வரும்? சேற்றில் புதைந்து கோடையைத் தாண்டுகிற மீன் அது, வாய்க்காலுக்கோ அடியிலும் கான்கிரீட் போட்டாயிற்று. இதையெல்லாம் எந்த வெளிநாட்டுக்காரன் வந்து செய்தான்? ஏலத்தொகை கோயில் திருவிழாவுக்கு ஆகுமென்று கூட்டத்தில் தலையாட்டியவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்தானே?

களைக்கொல்லி வேண்டாம். செடி மொத்தமாகச் செத்து அடியில் அழுகினால் மீன் மூச்சுமுட்டி மிதக்கும். பூக்கும் முன் ஆள் இறங்கி இழுத்துக் கரையேற்றுங்கள், அடுத்த வருஷமும் இறங்கவேண்டியிருக்கும், விதை சேற்றில் வருஷக்கணக்கில் கிடக்கும். சாக்கடை குளத்தில் கலக்கிறதா என்றும் பார், செடிக்கு அதுதான் உரம்.

அடுத்த ஏலத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, குளத்தை முழுக்க இறைக்கக் கூடாது, புண்ணாக்கு போடக் கூடாது என்று பத்திரத்தில் எழுதச் சொல். திட்டுவார்கள். சொல்லிவிட்டு உட்கார்.