இலவசமாகப் படம் காட்ட யாருடைய அனுமதி வேண்டும்?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது பேர் சேர்ந்து வாசகர் வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு ஞாயிறு மாலை திருமண மண்டபத்தின் மாடியில் படம் காட்டி, சாதி, பெண்கள் நிலை, தொழிலாளர் வாழ்வு பற்றிக் கலந்துரையாட விரும்புகிறோம். கட்டணம் இல்லை, அறுபது பேர் வரலாம். ‘எல்லா லைசென்ஸும் நானே வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் 18,000 ரூபாய் கேட்கிறார். இலவசமென்றால் எதுவுமே தேவையில்லை என்கிறார் இன்னொருவர். அதே படத்தைப் பிறகு புதுச்சேரியிலும் காட்டும் எண்ணம் உண்டு. யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியல்ல. முன்னவரால் உங்கள் பணம் போகும். பின்னவரை நம்பினால் வழக்கு வரக்கூடும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் உரிமை அதன் உரிமையாளருக்கே உரியது. டிக்கெட் விற்காததால் அந்த உரிமை உங்களுக்கு வந்துவிடாது. மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. லாப நோக்கமில்லை என்பது தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தை இல்லாமல் ஆக்காது. கடையில் வாங்கிய டிவிடியும் மாதச் சந்தா கட்டும் ஓடிடியும் வீட்டில் பார்ப்பதற்காகத் தரப்பட்டவை. ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதம்.

அந்த உரிமையாளர் யார் என்பதில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். தமிழ்ப் படங்களில் நெகட்டிவ் உரிமை (படத்தின் மூல உரிமை), சாட்டிலைட் உரிமை (தொலைக்காட்சி உரிமை), டிஜிட்டல் உரிமை, வெளிநாட்டு உரிமை எல்லாம் தனித்தனியாகக் கைமாறும். உங்களைப் போன்ற ஒரு குழுவினர், 7,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய ‘என்ஓசி’ (ஆட்சேபணையின்மைச் சான்று) ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். கனத்த தாளில் அச்சிட்ட லெட்டர்பேடு, ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப், அதன்மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. வாசித்துப் பார்த்தால், அந்த நிறுவனத்திடம் இருந்தது தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் உரிமை மட்டுமே. மண்டபத்தில் காட்ட அனுமதிக்கும் அதிகாரமே அதற்கு இல்லை. ரசீது இல்லாததால் பணத்தையும் மீட்க முடியவில்லை. எனவே, ‘நெகட்டிவ் உரிமை யாரிடம் இருக்கிறது, அதற்கான ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்’ என்று உங்களிடம் 18,000 கேட்பவரிடம் கேளுங்கள். காட்டாவிட்டால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். பணம் தருவதானாலும் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகவே அனுப்புங்கள்.

தயாரிப்பாளருக்கோ ஆவணப்பட இயக்குநருக்கோ நீங்களே எழுதலாம். படத்தின் பெயர், நாள், நேரம், இடம், பார்வையாளர் எண்ணிக்கை, கட்டணம் இல்லை என்பது, எத்தனை முறை காட்டப்போகிறீர்கள் என்பது ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். சிறிய முதலீட்டில் படம் எடுப்பவர்கள் பலர் குறைந்த தொகைக்கோ இலவசமாகவோ சம்மதிப்பார்கள். அழைத்தால் கலந்துரையாடலுக்கும் வருவார்கள். ஆனால் தணிக்கைச் சான்றிதழ் எண்ணை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். இயக்குநரே சம்மதித்தாலும், 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி சான்றிதழ் பெறாத படத்தைப் பொதுவில் காட்டுவது தனிக் குற்றம்.

கல்லூரியில் நடத்தினால் அனுமதியே வேண்டாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் பார்வையாளர்கள் அந்நிறுவனத்தின் ஆசிரியர்கள், மாணவர்கள், அவர்களின் பெற்றோர், பாதுகாவலர்கள், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோராக மட்டுமே இருக்க வேண்டும். காட்சியும் அந்நிறுவனத்தின் செயல்பாடாகவே இருக்க வேண்டும். வாயிலில் ‘அனைவரும் வருக’ என்று ஒரு பதாகை கட்டினால் விதிவிலக்கு போய்விடும். உங்கள் வட்டம் அரங்கை வாடகைக்கு எடுத்தாலும் போய்விடும். கல்லூரி முதல்வர் வந்து தலைமை தாங்கினாலும், நூறு மாணவர்கள் உட்கார்ந்திருந்தாலும், வெளியாட்களுக்காக நீங்கள் நடத்தும் நிகழ்ச்சி கல்லூரியின் நிகழ்ச்சி ஆகாது. இந்த ஒரு விதிவிலக்கை நம்பிச் சிக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இடத்துக்கான அனுமதிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம்தான் இன்னும் நடப்பில் உள்ளது. உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்ட வேண்டும் என்கிறது. உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். திரையரங்குகளையும் டூரிங் டாக்கீஸ்களையும் மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தை, ஒரு சிறிய புரொஜெக்டரையும் அறுபது நாற்காலிகளையும் வைத்துப் படம் காட்டுவோர் மீதும் இன்னும் விட்டுவைத்திருப்பது அநியாயம்.  அலுவலகத்தில் கேட்டால் ஒரு மேசை இன்னொரு மேசையைக் கைகாட்டுகிறது. வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். நிகழ்ச்சி விவரம், உரிமையாளரின் கடிதம், மண்டபத்தின் தீயணைப்புச் சான்று ஆகியவற்றை இணைத்து ஆட்சியருக்கு முன்கூட்டியே மனு கொடுத்து, உரிமம் தேவையா, விலக்கு உண்டா என்று எழுத்திலேயே கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள். தொலைபேசி அழைப்பு ஒன்றுக்கே பயந்து மண்டபக்காரர் முன்பதிவை ரத்து செய்வதை அது தடுக்கும்.

புதுச்சேரி முப்பது கிலோமீட்டருக்குள் இருந்தாலும் அது யூனியன் பிரதேசம். தமிழ்நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது, கடலூரில் வாங்கிய தாளும் செல்லாது. கிருமாம்பாக்கத்தில் காட்டினாலும் புதுச்சேரி நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும். உரிமையாளரின் கடிதத்தில் இரண்டு ஊர்களையும் இரண்டு தேதிகளையும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

18,000 கேட்பவருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், எந்த அலுவலகத்தில், எந்த எண்ணில் மனு போட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். மனு எண் சொல்ல முடியாதவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்புங்கள்.