கீபோர்டுல ஏ பி சி டி ஏன் கலைஞ்சு கெடக்கு?

கேள்வி: அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்துல பலசரக்குக் கடை வச்சிருக்கேன், கணக்கு எழுத மகன் கம்ப்யூட்டர் வாங்கித் தந்துட்டுப் போயிட்டான், ஒவ்வொரு எழுத்தா தேடித் தேடி கண்ணு வலிக்கு. ஏ பி சி டின்னு வரிசையா வச்சிருக்கப்படாதா? தமிழ்ல அடிக்க முடியுமா?

பதில்: மொதல்ல வரிசையாத்தான் வச்சுப் பாத்தாவ தங்கச்சி. அமெரிக்காவுல ஷோல்ஸ்னு ஒருத்தர் டைப்ரைட்டர் செய்யையில எழுத்த எடம் மாத்திக்கிட்டே போயி, 1874-ல விக்க வரும்போது ஏறத்தாழ இப்ப நீங்க பாக்கிற மாதிரி வந்து நின்னுட்டு. பழைய தடம் இன்னும் அழியல, நடு வரிசையப் பாருங்க, டி எஃப் ஜி ஹெச் ஜே கே எல், ஈயும் ஐயும் மட்டுந்தான் காணாது.

கண்ண மூடிக்கிட்டு எஃப் மேலயும் ஜே மேலயும் வெரல வைங்க, நெல்லுமணி கணக்கா சின்னதா ஒரு மேடு தட்டுப்படும், ரெண்டு ஆள்காட்டி வெரலுக்கும் அதுதான் வீடு, எந்த எழுத்துக்குப் போனாலும் அங்கனயே திரும்பி வந்துரணும், தெனமும் கா மணி நேரம் இப்படிப் பழகுனா தேடுற வேலையே கொறஞ்சிரும்.

தமிழுக்கு தமிழ்99-ங்கிற கீபோர்டு எழுத்து முறையப் போடுங்க, 1999-ல சென்னை மாநாட்டுல பேசி நம்ம அரசாங்கம் ஏத்துக்கிட்டது, எனக்கு உசுரு அது. உயிரெழுத்து எடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. பருப்புன்னு அடிக்க ப, ர, உ, ப, ப, உ, அம்புட்டுதான், நடுவுல புள்ளி தானா விழுந்துரும்.

பாஸ்வேர்டு தப்பு தப்புன்னு வந்தா மட்டும் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் பெரிய எழுத்தா விழ வைக்கிற கேப்ஸ் லாக் விளக்கு எரியுதான்னு பாத்துக்கிடுங்க.